ஏலம் கேட்க ஆள் வேண்டும்

எங்கள் வீட்டுக் கதவில் கோர்ட் நோட்டீஸ் ஒட்டிய அன்று ஊரே வந்து பார்த்தது. அதைப் படித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. தமுக்கு அடித்துச் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டார்கள். நானும் அன்றைக்கு மேலே நாலு வரி பார்த்தேன், கண் இருட்டியது, உள்ளே போய்விட்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். மாமியார் வீட்டில் அதை ஒரு குறையாகத்தான் சொல்லிக்காட்டுவார்கள். அந்தப் படிப்பை வைத்து அன்றே கடைசி வரி வரை படித்திருக்கலாம். படிக்கவில்லை. அந்தக் கோபம் என் மேல் எனக்கு இன்றும் உண்டு.

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். அறுபதுகள் முடிந்து எழுபது பிறந்திருந்தது. கிணறு வெட்டவும் ஆயில் இன்ஜின் வாங்கவும் என் வீட்டுக்காரர் பொன்னேரி மண்டிக்காரரிடம் கடன் வாங்கி, நிலத்தையும் வீட்டையும் அடமானம் எழுதிக் கொடுத்திருந்தார். கிணற்றில் நல்ல தண்ணீர். மழைதான் இரண்டு வருஷம் ஏமாற்றியது. மண்டிக்காரர் கோர்ட்டுக்குப் போனார், தீர்ப்பு வாங்கினார், சொத்து ஏலத்துக்கு வந்தது. நோட்டீஸில் சொத்தை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். முதல் ஐட்டம், ஏரிக்கரைப் பக்கம் இருந்த ஒரு ஏக்கர் சொச்சம். இரண்டாவது ஐட்டம், கிணறு, அதைச் சுற்றிய நிலம், நாங்கள் குடியிருந்த வீடு.

என் வீட்டுக்காரர் அழுது புலம்புகிற ஆள் இல்லை. மறுநாளே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஊரில் வீடு வீடாகப் போனார். அக்கம்பக்கத்து நாலு ஊருக்கும் போனார். "என் நெலம் ஏலத்துக்கு வருது. நீங்க யாரும் கேக்கக்கூடாது. வாக்குக் குடுங்க" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அது பழைய வழக்கம்தான். ஒருத்தன் மண் கோர்ட்டுக்குப் போனால் ஊரான் அதில் கை வைக்கக்கூடாது. வைத்தால் அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போகமாட்டார்கள். எல்லாரும் வாக்குக் கொடுத்தார்கள். ஒரே ஒரு ஆளைத்தான் அவர் கேட்கவில்லை. அவருடைய பெரியப்பா மகன், எங்கள் பங்காளி. வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. "அவன் காலடியில போயி நிக்கறதுக்கு நான் செத்துடலாம்" என்றார்.

முதல் ஏலம் பொன்னேரி கோர்ட் வாசலில் நடந்தது. எங்கள் ஊர் ஆண்கள் முப்பது பேர் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். அமீனா தொண்டை கிழியக் கூவினாராம். ஏலம் நடத்துகிற கோர்ட் ஆள்தான் அமீனா. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏலம் கேட்க ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். சாயங்காலம் எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். என் வீட்டுக்காரரைத் தூக்காத குறைதான். நானும்தான் கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. மண்டிக்காரன் மூக்கை அறுத்துவிட்டோம் என்று என் இரண்டு பெண்களையும் கட்டிக்கொண்டு குதித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அமீனா மறுபடியும் வந்தார், கையில் பசைக் கிண்ணமும் புது நோட்டீஸும். ஒட்டிவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்காரர் கழனியில் இருந்தார். தண்ணீர் கொடுத்துவிட்டு நான் கதவுப் பக்கம் திரும்பி, இந்த முறை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். முதல் ஐட்டத்துக்குப் போன தடவை ஐயாயிரம் ரூபாயிலிருந்து ஏலம் ஆரம்பம் என்று போட்டிருந்தது. இப்போது இரண்டாயிரத்து ஐந்நூறு. வீட்டுக்கும் கிணற்றுக்கும் போட்டிருந்த தொகையும் பாதியாகியிருந்தது. கீழே இன்னொரு வரி. கடன் கொடுத்தவரே ஏலம் கேட்க கோர்ட் அனுமதி கொடுத்திருந்தது.

"இன்னாங்க இது, வெலய பாதியா கொறச்சிட்டாங்க?" என்று கேட்டேன்.

"கேக்க ஆள் வரலன்னா கொறப்பாங்கம்மா. இன்னும் வரலன்னா இன்னும் கொறப்பாங்க. போன தபா மண்டிக்காரரு கேக்கக்கூடாது, கோர்ட்டு பர்மிஷன் இல்ல. இப்ப வாங்கிக்கினாரு. உங்க ஊர்க்காரங்க கம்முனு நிக்கறாங்களே, அது அவருக்குத்தான் கொண்டாட்டம்."

கதவைப் பிடித்துக்கொண்டேன். அமீனா சிடுமூஞ்சி. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொன்னார். வட்டி, கோர்ட் செலவு எல்லாம் சேர்த்து மண்டிக்காரருக்கு வரவேண்டியது நாலாயிரத்து எண்ணூறு. முதல் ஐட்டத்தை அவரே இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தால் மீதிக்கு இரண்டாவது ஐட்டமும் ஏலத்துக்கு வரும். அதாவது வீடும் போகும்.

"முதல் ஐட்டமே நாலாயிரத்து எண்ணூத்துக்கு மேல போச்சுன்னா?"

"அப்ப ரெண்டாவதைத் தொட எனக்கு அதிகாரமே இல்ல. அங்கியே நிறுத்திடணும். அதான் சட்டம்."

"நான் ஏலம் கேக்கலாமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு வேணா கேக்கலாம், நான்தான் கேக்கக்கூடாது. ஆனா ஏலம் முடிஞ்ச நிமிஷமே காவாசிப் பணத்த, நாலுல ஒரு பங்க, ரொக்கமா மேஜை மேல வைக்கணும். வைக்கலன்னா அங்கியே மறுபடி ஏலம் உடுவேன். அதுல கொறையற பணம் உன் தலையில வந்து உழும். வெளாட்டுக்குன்னு கேட்டுடாதம்மா."

அன்று மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "ஊர்ல போயி வாக்கைத் திருப்பிக் குடுங்க. யாராச்சும் ஏலம் கேட்டாத்தான் நமக்கு ஊடு மிஞ்சும்" என்றேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"எனக்காக ஊரே கட்டுப்பட்டு நிக்குது. இப்ப நான் போயி, என் நெலத்த வந்து எடுத்துக்கோங்கன்னு சொல்லவா? பொம்பள ரெண்டெழுத்து படிச்சிக்கினா இப்டித்தான் பேஜாரு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ரெண்டெழுத்து படிச்சவ சொல்றேன், உங்க ஊரு நம்பள கழுத்தளவு தண்ணியில எறக்கி உட்டுட்டு கரையில நிக்குது" என்று கத்தினேன். அவர் கை கழுவாமல் எழுந்து போனார். அவரே கேட்டு வாங்கிய வாக்குகள். அதை உடைத்தால் அந்த நாலு ஊரிலும் தலைகாட்ட முடியாது என்று பயந்தார். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

அடுத்த நாள் காலையில் பங்காளி வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் விருந்து சாப்பிட்டதோடு சரி. அவர் களத்தில் நெல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேலைக்கு இருந்தவர்களை ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"மாமா, எங்க ஏரிக்கரை நெலத்த நீங்க ஏலம் கேக்கணும்" என்றேன்.

"உன் புருஷன் அனுப்பினானா?"

"அவருக்குத் தெரியாது."

"ஊரைப் பகைச்சிக்கச் சொல்றியா? என் பொண்ணுக்கு மாப்பிள்ள பாத்துக்கினு இருக்கேன். ஊர்ல ஒதுக்கி வச்சா எவன் வருவான்? அவன் என்னை ஒரு மனுஷனா மதிச்சிருந்தா, ஊரெல்லாம் கேட்டவன் என் ஊட்டுக்கும் வந்து கேட்டிருப்பான்."

"கேட்டிருந்தா நீங்களும் வாக்குக் குடுத்திருப்பீங்க மாமா. அவர் கேக்காததால இந்த நாலு ஊர்ல வாக்குக் குடுக்காத ஆம்பள நீங்க ஒருத்தர்தான். உங்கள உட்டா எனக்கு ஆளில்ல."

நான் குனிந்து அவர் காலைப் பிடித்தேன். பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார். "போம்மா, போ" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அங்கிருந்து நேராகப் பொன்னேரிக்குப் போய், என் வளையல்களையும் சங்கிலியையும் விற்றேன். எழுநூறு ரூபாய் வந்தது. இரண்டாயிரத்து எண்ணூறு வரை ஏலம் கேட்டால் அந்தப் பணம் காவாசிக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் நான் பொய்க்காரி.

ஏலத்தன்று பொன்னேரி பஸ்ஸில் நானும் ஏறி உட்கார்ந்ததை வீட்டுக்காரர் பார்த்தார். ஊர்க்காரர்கள் முன்னால் ஒன்றும் சொல்லவில்லை. கோர்ட் வாசலில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அமீனா. மண்டிக்காரர் வெள்ளை வேட்டியில், வெற்றிலைப் பெட்டியுடன் வந்திருந்தார். எங்கள் ஊர் ஆண்கள் போன தடவை மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு முகத்திலும் அப்படி ஒரு பெருமை. எனக்கு அவர்களைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பங்காளியைத் தேடினேன். அவர் வரவில்லை.

அமீனா நோட்டீஸை வாசித்துவிட்டு முதல் ஐட்டத்தைக் கூறினார்.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு" என்றார் மண்டிக்காரர், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி.

"ஒரு தரம்..."

"ரெண்டாயிரத்து அறுநூறு" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர், "ஏய், இன்னாடி செய்யற?" என்று பாய்ந்து வந்தார். அமீனா கையை நீட்டி அவரைத் தடுத்தார். "ஏலத்துல குறுக்க பேசக்கூடாது" என்றார். மண்டிக்காரர் சிரித்தார்.

"ரெண்டாயிரத்து எழுநூறு."

"எண்ணூறு."

"தொள்ளாயிரம்."

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மடியில் இருந்த எழுநூறு அதற்கு மேல் செல்லாது. ஆனால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தில் முதல் ஐட்டம் முடிந்தால் வீடு போய்விடும். "மூவாயிரம்" என்றேன். அவர் மூவாயிரத்து இருநூறு என்றார். நான் மூவாயிரத்து ஐந்நூறு என்றேன்.

மண்டிக்காரர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். பிறகு, "அம்மாகிட்ட டப்பு இருக்குதான்னு கொஞ்சம் கேளுங்க" என்றார் அமீனாவிடம்.

"மூணு தரம் முடிஞ்சப்புறம்தான் பணம் கேக்கணும். நீங்க மேல கேக்கறீங்களா?"

"நான் கேக்கல. முடிங்க."

அவருக்குத் தெரிந்துவிட்டது. பொன்னேரியில் நான் நகை விற்ற கடை அவர் மண்டிக்கு எதிரே இருந்தது. அது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. மூன்று தரம் முடிந்ததும் நான் காவாசி வைக்க முடியாமல் நிற்பேன். மறுபடி ஏலம் விடுவார்கள். அதில் அவர் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கே நிலத்தை எடுப்பார், வீட்டையும் எடுப்பார். குறைகிற ஆயிரத்துக்கு என் கழுத்தில் புதுக் கடன் ஏறும்.

"மூவாயிரத்து ஐந்நூறு, ஒரு தரம்."

ஊர்க்காரர்களைப் பார்த்தேன். முப்பது பேர். அதில் எட்டுப் பத்துப் பேராவது வசதி உள்ளவர்கள். ஒருவரும் என்னை நேராகப் பார்க்கவில்லை.

"ரெண்டு தரம்."

"மூவாயிரத்து அறுநூறு."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. எதிர் டீக்கடையிலிருந்து பங்காளி ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார், கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. காலையிலிருந்தே அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வரிசை கலைந்தது. "துரோகி!" என்று யாரோ கத்தினார். என் வீட்டுக்காரரை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "பாத்தியா, என் மண்ணைத் தின்ன வந்துட்டான் பாத்தியா!" என்று அவர் போட்ட கூச்சலில் கோர்ட்டுக்குள்ளிருந்து சேவகர் எட்டிப் பார்த்தார். பங்காளி எந்தப் பக்கமும் திரும்பவில்லை. மேஜையை மட்டும் பார்த்து நின்றார்.

மண்டிக்காரர் சிரிப்பை நிறுத்தினார். இந்த ஆளிடம் பணம் இருக்கிறது. நாலாயிரம் என்றார். இவர் நூறு சேர்த்தார். அவர் இருநூறு சேர்த்தார். நான் அமீனாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாயிரத்து எழுநூறு மண்டிக்காரர் வாயிலிருந்து வந்தது. பங்காளி பையைத் தடவினார். எவ்வளவு நேரம் தடவினார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

"நாலாயிரத்து தொள்ளாயிரம்" என்றார்.

அதற்கு மேல் கொடுத்து எடுத்தால் அந்த நிலத்தில் லாபம் கிடையாது. லாபம் இல்லாத இடத்தில் மண்டிக்காரர் கை நீட்டுகிறவர் இல்லை. மூன்று தரம் ஆயிற்று. பங்காளி பையைக் கவிழ்த்துக் காவாசிப் பணத்தை எண்ணி வைத்தார். அமீனா கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"டிகிரித் தொகை, கோர்ட்டு தீர்ப்புல சொன்ன பணம், வந்துட்டதால ரெண்டாவது ஐட்டம் ஏலம் இல்ல."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அமீனா என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, சொல்ல வேண்டியதைச் சொன்னார். முப்பது நாளுக்குள் கடன் தொகை முழுவதையும், ஏலத்தில் எடுத்தவருக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் சேர்த்து, கோர்ட்டில் கட்டினால் ஏலத்தை ரத்து செய்யலாம். அதை மண்டிக்காரரும் கேட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த மூன்று வாரம் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வீடு மிஞ்சியது அவர் கண்ணில் படவே இல்லை. "மண்டிக்காரன் எடுத்திருந்தாகூடத் தாங்கியிருப்பேன். அவன் எடுத்தானே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பங்காளி வீட்டுக்கு ஊர் போக்குவரத்தை நிறுத்திவிட்டது. அவர் பெண்ணைப் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பெண் எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

இருபத்து மூன்றாம் நாள் காலை மண்டிக்காரர் ஜட்காவில் வந்து இறங்கினார். கூடவே பத்திரம் எழுதுகிறவர்.

"நைனா, உன் மனசு எனக்குத் தெரியும். பகையாளி உன் நெலத்துல ஏர் ஓட்டறதைப் பாத்துக்கினு நீ எப்டி இருப்ப? முழுப் பணமும் நானே தரேன். கோர்ட்ல கட்டு, ஏலத்தை ரத்து பண்ணு. ஊட்டையும் கெணத்தையும் மட்டும் எம்பேருக்குப் புதுசா அடமானம் எழுதிடு. ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போக வண்டியும் நிக்குது" என்றார்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, ரோட்டோர நிலம் விலை ஏறும் என்று அப்போதே பேச்சு இருந்தது. எங்கள் வீடு ரோட்டை ஒட்டி. அவர் கண் எப்போதும் இரண்டாவது ஐட்டத்தின் மேல்தான்.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வட்டி எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் மாதக்கணக்கில் பார்த்ததில்லை. பத்திரம் எழுதுகிறவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். வீடு என் வீட்டுக்காரர் பேரில். என் கையெழுத்து யாருக்கும் தேவையில்லை.

கெஞ்சினால் கேட்கமாட்டார். சட்டம் சொன்னால் கேட்கவே மாட்டார். அவருக்குப் பங்காளி மேல் இருந்த வெறுப்பு அவ்வளவு. அதை எங்கேயாவது இறக்கி வைக்காமல் அந்தப் பேனா நிற்காது.

"அவரு உங்க மண்ணைத் தின்ன வரல" என்றேன். "நான்தான் கூப்பிட்டேன். அவரு ஊட்டுக்குப் போனேன். தயங்கினாரு. ஊரு ஒதுக்கிடும்னு பயந்தாரு. நான் அவரு காலைப் புடிச்சேன்."

பேனா காகிதத்துக்கு மேல் நின்றது.

"யாரு காலை?"

"உங்க அண்ணன் காலை. ரெண்டு கையாலயும் புடிச்சேன். ஊட்டுக்காகப் புடிச்சேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

மண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் வீட்டுக்காரர் அவரைப் பார்க்காமலே பேனாவைக் கீழே வைத்தார். "பத்திரத்த எடுத்துக்கினு போங்க" என்றார். மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை கத்தி. ஜட்கா தெருமுனை திரும்பும் வரை அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். துண்டை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

மீதி ஏழு நாளும் ஒவ்வொன்றாகக் கழிந்தன. முப்பதாம் நாள் கோர்ட் மூடுகிற நேரம் தாண்டிய பிறகு விளக்கேற்றி வீடு முழுக்கச் சுற்றி வந்தேன். எங்கள் வீடு. இனி யாரும் கதவில் பசை தடவமாட்டார்கள். மனம் நிறைந்துதான் இருந்தது, மறைக்கவில்லை. அவர் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சோறு எடுத்துவைத்துக் கூப்பிட்டேன்.

சின்னவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உங்கம்மாவ தட்டை இங்க கொண்டாந்து வைக்கச் சொல்லு" என்றார். அவள் என்னிடம் ஓடி வந்து சொன்னாள். இரண்டே அடி தூரம். நான் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதே வீட்டில் அவர் உயிரோடு இருந்தார். என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் பெண்களிடம்தான் சொன்னார்.